நெல் தெரிந்தவர்கள்: தென் கரோலினாவில் 5 நாள்

நாள் 1: காட்ஸ்டன் துறை

காலை ஆறரைக்கெல்லாம் சார்லட்டிலிருந்து கிளம்பிவிட்டோம், அம்மாவும் நானும் மட்டும். அம்மா அம்பாசமுத்திரத்திலிருந்து ஆறு மாதத்துக்கு வந்திருக்கிறாள். நயாகராவும் நியூயார்க்கும் போன தடவையே காட்டியாயிற்று. இந்தத் தடவை, "அமெரிக்காவுல நெல்லு வெளைஞ்ச எடத்துக்குக் கூட்டிட்டுப் போறேம்மா" என்று சொல்லியிருந்தேன். "இங்கயா? நெல்லா?" என்று நம்பாமலேயே பெட்டி கட்டினாள்.

இது பிப்ரவரி. இங்கே கறுப்பின வரலாற்று மாதம். கார்ட்டர் வுட்சன் என்ற வரலாற்றாசிரியர் 1926இல் பிப்ரவரியின் ஒரு வாரத்தை இதற்கென்று ஒதுக்கித் தொடங்கி வைத்தார். அவருடைய பெற்றோர் அடிமைகளாக இருந்து விடுதலை பெற்றவர்கள். அவரே நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை பார்த்து, பிறகு படித்து, ஹார்வர்டில் முனைவர் பட்டம் வாங்கியவர். அந்த ஒரு வாரம் 1976இல் ஒரு மாதமானது. என் மகளின் பள்ளியிலும் ஒவ்வொரு பிப்ரவரியும் சுவரில் படம் ஒட்டுகிறார்கள்: மார்ட்டின் லூதர் கிங், ரோசா பார்க்ஸ், ஹாரியட் டப்மன். மூவரும் கையெடுத்துக் கும்பிடத் தகுந்தவர்கள். ஆனால் கதை அந்த மூன்று படங்களோடு நின்றுவிடுவதில் எனக்கு நெடுநாள் குறை உண்டு. இந்த நாடு சாப்பிடும் சோற்றிலும் பிள்ளைகளை அனுப்பும் பள்ளிக்கூடத்திலும் கறுப்பின மக்கள் எவ்வளவு இருக்கிறார்கள் என்பதை நேரில் போய்ப் பார்க்க வேண்டும் என்றுதான் கிளம்பினேன்.

சார்ல்ஸ்டன் சேரும்போது மணி பத்தரை. நேராக சர்வதேச ஆப்பிரிக்க அமெரிக்க அருங்காட்சியகத்துக்குப் போனோம். 2023 ஜூனில் திறந்தது. அது நிற்கும் இடம் காட்ஸ்டன் துறை. ஆப்பிரிக்காவிலிருந்து வட அமெரிக்காவுக்குப் பிடித்துக் கொண்டுவரப்பட்டவர்களில் ஏறக்குறைய ஐந்தில் இரண்டு பேர் சார்ல்ஸ்டன் துறைமுகத்தில்தான் இறக்கப்பட்டார்கள். 1808 ஜனவரி 1 முதல் வெளிநாட்டிலிருந்து அடிமைகளைக் கொண்டுவருவது சட்டப்படி நின்றது. தடை வருவதற்குள் வாங்கிக் குவித்துவிட வேண்டும் என்று, அதற்கு முந்தைய சில ஆண்டுகளில் கப்பல் கப்பலாக இந்தத் துறையில் கொண்டுவந்து இறக்கினார்கள்.

கட்டடம் தரையில் உட்காரவில்லை. 18 தூண்கள் அதைப் பதின்மூன்று அடி உயரத்தில் தாங்கி நிற்கின்றன. கீழே இருக்கும் மண்தான் நினைவிடம், அதன் மேல் கட்டக் கூடாது என்று அப்படி வைத்திருக்கிறார்கள். அங்கே ஆழமில்லாத ஒரு நீர்ப்பரப்பு. தண்ணீர் வடியும்போது அடியில் மனித உருவங்கள் தெரிகின்றன. தோளோடு தோள் ஒட்டி, வரிசை வரிசையாக, கப்பலின் அடித்தளத்தில் எப்படி அடுக்கினார்களோ அப்படியே. கொஞ்ச நேரத்தில் தண்ணீர் ஏறி மூடிவிடுகிறது. அம்மா குனிந்து பார்த்தாள். ஒன்றும் கேட்கவில்லை. செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு நின்றாள். பிப்ரவரிக் குளிரில் தரை சில்லென்று இருந்திருக்கும்.

கொஞ்சம் தள்ளி, பளபளப்பான கறுப்புக் கல்லில் இரண்டு நீளச் சுவர்கள். நடுவில் மண்டியிட்ட உருவங்கள். இங்கே ஒரு கிட்டங்கி இருந்தது. 1807இன் கடைசியில் தொடங்கிய குளிர்காலத்தில், விற்பனைக்காக அதில் அடைத்து வைக்கப்பட்டவர்களில் நூற்றுக்கணக்கானோர் குளிரிலும் நோயிலும் செத்துப்போனார்கள். சுவரின் பளபளப்பில் பார்க்கிறவர் முகமும் சேர்ந்தே தெரிகிறது.

மாடியில் குடும்ப வரலாற்றைத் தேடித் தரும் ஒரு பிரிவு இருக்கிறது. அதைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அமெரிக்காவின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், விடுதலை பெற்ற எல்லா மனிதர்களையும் பெயர் சொல்லி எழுதியது முதன்முதலில் 1870இல்தான். 1850, 1860 கணக்குகளில் அடிமைகளுக்குத் தனிப் பட்டியல். அதில் உடைமைக்காரன் பெயர் இருக்கும். அடியில் வயது, ஆணா பெண்ணா, நிறம். அவ்வளவுதான். அதனால் தங்கள் முன்னோரைத் தேடிப் போகிறவர்கள் எல்லோரும் 1870 வரை போய் ஒரு சுவரில் முட்டிக்கொள்கிறார்கள். '1870 சுவர்' என்றே அதைச் சொல்கிறார்கள்.

சில நேரம் அந்தச் சுவரிலும் விரிசல் கிடைக்கிறது. 1756இல் சியரா லியோனிலிருந்து வந்த கப்பலில் பத்து வயதுச் சிறுமி ஒருத்தி இருந்தாள். எலியஸ் பால் என்ற நெல் தோட்ட முதலாளி அவளை வாங்கி, பிரிசில்லா என்று பெயரிட்டுக் கணக்குப் புத்தகத்தில் எழுதி வைத்தார். கப்பலின் தாள்களும் தோட்டத்தின் தாள்களும் தப்பிப் பிழைத்ததால், ஏழு தலைமுறை தாண்டி அவள் வாரிசு யார் என்று கண்டுபிடிக்க முடிந்தது. அந்த வாரிசு 2005இல் சியரா லியோனுக்குப் போய்வந்தார்.

"அவ அம்மை அவளுக்கு என்ன பேரு வச்சாளோ" என்றாள் அம்மா. இன்றைக்கு முழுவதும் அவள் பேசிய நீளமான பேச்சு இதுதான்.

நாள் 2: நகரத்தில், மழையில்

காலையிலிருந்து தூறல். சால்மர்ஸ் தெருவில் பழைய அடிமைச் சந்தை இருந்த கட்டடம் இப்போது அருங்காட்சியகம். தெருவில் ஏலம் போடுவதை 1856இல் நகரசபை தடுத்தது. விற்பதைத் தடுக்கவில்லை, வெளியே தெரியும்படி விற்பதைத்தான் தடுத்தது. அதனால் சுவருக்குப் பின்னால் நடந்தது. உள்ளே அரை மணி நேரத்துக்கு மேல் என்னால் நிற்க முடியவில்லை.

இந்த ஊரின் செங்கல்லைப் பற்றி முன்பே படித்திருந்தேன். பழைய செங்கற்கள் சிலவற்றில் விரல் பதிந்த குழிகள் உண்டு, சின்ன விரல்கள். ஈரம் காயாத செங்கல்லைத் திருப்பிப்போடும் வேலை அடிமைப் பிள்ளைகளுக்கு. நனைந்த சுவர்களைத் தடவித் தடவித் தேடினேன். ஒரு குழியில் என் சுண்டுவிரல் கூட நுழையவில்லை.

கல்ஹூன் தெருவில் மதர் இமானுவேல் என்ற கறுப்பினத்தவரின் தேவாலயம். வெள்ளைக் கோபுரம். 1822இல் அடிமைகளின் எழுச்சிக்குத் திட்டமிட்டதாகத் தூக்கிலிடப்பட்ட டென்மார்க் வெசி இந்தச் சபையைச் சேர்ந்தவர். லாட்டரியில் விழுந்த பணத்தில் தன் விடுதலையை விலைக்கு வாங்கிய தச்சர் அவர். அவரோடு சேர்த்து முப்பதுக்கும் மேற்பட்டோர் தூக்கிலிடப்பட்டார்கள், தேவாலயம் தரைமட்டமாக்கப்பட்டது. இப்போது நிற்பது 1891இல் கட்டியது. இதே இடத்தில் 2015 ஜூன் 17 இரவு, வேதபாடத்துக்கு வந்து உட்கார்ந்த அந்நிய வெள்ளை இளைஞனை வரவேற்று நாற்காலி கொடுத்தார்கள். அவன் ஒன்பது பேரைச் சுட்டுக் கொன்றான். போதகர் கிளமென்டா பிங்க்னியும் அதில் ஒருவர். மாநில மேலவை உறுப்பினரும் அவரே. வாசலில் யாரோ வைத்த பூங்கொத்து மழையில் நனைந்து கிடந்தது. அம்மா அதை எடுத்து, நனையாத படிக்கு நகர்த்தி வைத்தாள்.

மதியம் ஹாம்ப்டன் பூங்கா. பார்த்தால் சாதாரணப் பூங்கா: மரம், குளம், நடைபாதை. அடிமை முறையை விடாமல் பிரிந்துபோன தெற்கு மாநிலங்களுக்கும் வடக்குக்கும் 1861 முதல் 1865 வரை நடந்த உள்நாட்டுப் போரின்போது இது குதிரைப் பந்தய மைதானம். தெற்கத்திய படை இதைத் திறந்தவெளிச் சிறையாக வைத்திருந்தது. பிடிபட்ட வடக்கத்திய வீரர்களில் 257 பேர் இங்கே இறந்து ஒரே குழியில் போடப்பட்டார்கள். நகரம் வீழ்ந்து, வெள்ளைக்காரர்களில் பெரும்பாலோர் ஓடிய பிறகு, கறுப்பினத் தொழிலாளிகள் அந்தக் குழியைத் தோண்டி, ஒவ்வொருவரையும் தனித்தனியாக முறைப்படி அடக்கம் செய்து, சுற்றி வேலி கட்டினார்கள். 1865 மே 1 அன்று சுமார் பத்தாயிரம் பேர் ஊர்வலமாக வந்தார்கள். முன்னால் மூவாயிரம் அளவில் பள்ளிப் பிள்ளைகள், கையில் ரோஜாப்பூ. சில வாரங்களுக்கு முன்பு வரை எழுத்துப் படிப்பதே குற்றமாக இருந்த பிள்ளைகள்!

மே மாதக் கடைசித் திங்களை இந்த நாடு வீரர்கள் நினைவு நாளாகக் கொண்டாடுகிறது. நாடு முழுவதற்கும் அந்த அறிவிப்பு 1868இல் வந்தது. அதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன்பே இங்கே நடந்துவிட்டது. பல ஊர்கள் 'நாங்கள்தான் முதல்' என்று உரிமை கோருகின்றன. சார்ல்ஸ்டன் நிகழ்ச்சியோ வெகுகாலம் யார் பேச்சிலும் வராமல் கிடந்தது. அந்த நீண்ட வார விடுமுறையில் நானும் பதினான்கு வருடமாக மெத்தை வாங்கவும் துணி வாங்கவும் கடை கடையாக ஏறி இறங்கியிருக்கிறேன். இந்த வருடம் ரோஜா வாங்குவேன்.

திரும்பும் வழியில் ஈஸ்ட் பே தெருவில் காரை நிறுத்தி, பழைய சுருட்டு ஆலையைக் காட்டினேன். பெரிய செங்கல் கட்டடம். 1945 அக்டோபரில் இங்கே வேலைநிறுத்தம் தொடங்கி, அடுத்த ஆண்டு வசந்தம் வரை நடந்தது. பெரும்பாலும் கறுப்பினப் பெண்கள். குளிரில், மழையில் மறியல் நின்றவர்கள் ஒரு பழைய தேவாலயப் பாட்டைத் தங்களுக்கேற்ப மாற்றி, நிதானமாக இழுத்துப் பாடினார்கள். அந்தப் பாட்டு இங்கிருந்து தொழிற்சங்கப் பயிலகத்துக்குப் போய், அங்கிருந்து சிவில் உரிமை இயக்கத்துக்குப் போய், உலகமெல்லாம் போனது. நம் பள்ளிக்கூடங்களில் 'ஹம் ஹோங்கே காம்யாப்' என்று ஹிந்தியில் பாடினோமே, அதே பாட்டு. காருக்குள் உட்கார்ந்து மெதுவாகப் பாடிக் காட்டினேன். அம்மாவுக்கும் மெட்டு தெரிந்திருந்தது. "நீ நாலாப்புல பாடுனதுல்லா" என்றாள்.

நாள் 3: மடையும் சொளவும்

இன்றைக்கு எழுத நிறைய இருக்கிறது.

ஆஷ்லி ஆற்றங்கரையில் மிடில்டன் பிளேஸ் என்ற பழைய தோட்டம். சுதந்திரப் பிரகடனத்தில் கையெழுத்திட்டவர்களில் ஒருவரான ஆர்தர் மிடில்டனின் குடும்பச் சொத்து. படிப்படியாக இறங்கும் புல்வெளி, பட்டாம்பூச்சிச் சிறகு போல இரண்டு குளங்கள், கமேலியாப் பூக்கள். நாங்கள் பூவுக்காக வரவில்லை. நேராகக் கீழே, மாதிரிக்காக வைத்திருக்கும் நெல் வயலுக்குப் போனோம். பிப்ரவரியில் பயிர் ஏது? வெறும் வரப்பும் தேங்கிய தண்ணீரும்தான். அம்மாவுக்கு அது போதும். வரப்பைப் பார்த்ததுமே நடை மாறிவிட்டது.

தென் கரோலினாவில் நெல் ஊன்றியது 1600களின் கடைசியில். இங்கே குடியேறிய ஆங்கிலேயர்களுக்கு நெல் விவசாயம் தெரியாது. மேற்கு ஆப்பிரிக்காவில் செனகல், காம்பியாவிலிருந்து சியரா லியோன் வரை உள்ள கரையோர மக்களுக்கு அது பல நூற்றாண்டுப் பழக்கம். அங்கே தனியாக ஓர் ஆப்பிரிக்க நெல்லினமே உண்டு. கடலோரச் சதுப்பில் கரை போட்டு, உப்புநீரைத் தடுத்து, மழைநீரைத் தேக்கி விளைய வைத்தவர்கள். சார்ல்ஸ்டனில் அடிமை விற்ற வியாபாரிகள் பத்திரிகை விளம்பரத்திலேயே 'நெல் கரையிலிருந்து வந்தவர்கள்' என்று போட்டார்கள். வாங்குகிறவன் அதைப் பார்த்து வாங்கினான். இந்த விவசாயத்தில் எவ்வளவு பங்கு ஆப்பிரிக்க அறிவு என்று அறிஞர்களுக்குள் இன்னும் வாதம் உண்டு. நான் விவசாயி வீட்டுப் பெண், எனக்கு இதில் ஒரு பக்கம் உண்டு. விதைக்கும் முறையைக் கேளுங்கள்: பெண்கள் குதிகாலால் மண்ணில் குழி போட்டு, விதையைப் போட்டு, அதே காலால் மூடிக்கொண்டே போவார்கள். விதை தண்ணீரில் மிதந்துவிடாமல் இருக்கக் களிமண்ணில் புரட்டி விதைப்பதும் உண்டு. குதிகாலால் விதைப்பது அங்கேயும் உண்டு, இங்கேயும் உண்டு. குதிகாலுக்கு இதை எந்தத் துரை சொல்லிக் கொடுத்திருப்பான்?

தண்ணீர் பாய்ச்சும் முறைதான் எனக்குப் பெரிய வியப்பு. ஆற்றுக்கும் வயலுக்கும் நடுவில் உயரமான மண்கரை. கரைக்கு அடியில் நீளமான ஒரு மரப்பெட்டி. அதன் இரண்டு முனையிலும் மேலே கீல் போட்டுத் தொங்கும் கதவு. கடல் பொங்கும்போது ஓதம் ஆற்றை எதிர்த்திசையில் தள்ளுகிறது, நீர்மட்டம் ஏறுகிறது. அப்போது ஆற்றுப்பக்கக் கதவைத் தூக்கிவிட்டால், வரும் தண்ணீரே வயல்பக்கக் கதவைத் தள்ளித் திறந்துகொண்டு உள்ளே போகும். ஓதம் வடியும்போது, வயல் தண்ணீரே அந்தக் கதவை அழுத்திச் சாத்திவிடும். வடிக்க வேண்டுமென்றால் இதையே திருப்பிச் செய்ய வேண்டும். மாடு, கமலை, மோட்டார் எதுவும் வேண்டாம். இந்த மடைக்கு இங்கே 'டிரங்க்' என்று பெயர், அடிமரம் என்று அர்த்தம். முதலில் அடிமரத்தைக் குடைந்து, அடைப்பு சொருகித்தான் செய்தார்கள். மேற்கு ஆப்பிரிக்கக் கரையில் அப்படித்தான் செய்வது. பெட்டியும் கதவும் வந்த பிறகும் பெயர் மாறவில்லை.

அம்மா கேட்ட கேள்வி அருமையான கேள்வி: "உப்புத் தண்ணி ஏறுனா பயிரு கருகிருமேட்டி?"

அதற்குத்தான் இடம் தேர்ந்தெடுக்க வேண்டும். கடலுக்கு மிகப் பக்கத்தில் போனால் உப்பு. மிகத் தள்ளிப் போனால் ஓதம் எட்டாது. ஓதம் நல்ல தண்ணீரை மட்டும் தள்ளும் ஒரு துண்டு ஆறுதான் தோது. மழை குறைந்த வருடத்தில் உப்பு இன்னும் மேலே ஏறி வரும். மடை பார்க்கிறவனுக்கு இதெல்லாம் அத்துப்படியாக இருக்க வேண்டும். நான் சொல்லி முடித்ததும் அம்மா வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"அப்ப, வேல தெரிஞ்சவங்களாப் பாத்துல்லா புடிச்சிட்டு வந்திருக்கானுவ."

ஆமாம். இரண்டு நாளாக நான் சொல்ல முயன்றதை அவள் ஒரு வரியில் சொல்லிவிட்டாள். உடம்பை மட்டும் திருடிக்கொண்டு வரவில்லை. தலைமுறை தலைமுறையாகச் சேர்த்த விவசாயத்தையும் சேர்த்துத்தான் திருடினார்கள். சைப்ரஸ் மரக்காட்டை வெட்டி, வேரைத் தோண்டி, முதலையும் பாம்பும் கொசுவும் இருக்கும் சேற்றில் நின்று, மைல் கணக்கில் கரை எழுப்பியவர்கள் அவர்கள். பிறந்த குழந்தைகளில் பலர் தங்கவில்லை. அறுவடை முடிந்தால் ஓய்வும் இல்லை, உரலில் குத்தி அரிசியாக்க வேண்டும், அதுவும் மற்ற வேலை முடிந்த பிறகு. அந்த அரிசிப் பணத்தில்தான் சார்ல்ஸ்டன் அன்றைய அமெரிக்காவின் பெரும் பணக்கார நகரங்களில் ஒன்றானது. 1840 வாக்கில் வடக்கே ஜார்ஜ்டவுன் பகுதி மட்டுமே நாட்டின் அரிசியில் பாதியளவு விளைவித்தது. மிஷெல் ஒபாமாவின் எள்ளுத்தாத்தா ஒருவர் அந்த ஜார்ஜ்டவுனில் ஒரு நெல் தோட்டத்தில் அடிமையாக இருந்தவர்.

விடுதலைக்குப் பிறகு அந்தச் சேற்றில் அந்த விலைக்கு இறங்க யாரும் தயாராக இல்லை. புயல்கள் கரையை உடைத்தன. 1911 புயலோடு பெரிய நெல் விவசாயம் அநேகமாக முடிந்தது. 'கரோலினா கோல்டு' என்ற ரகம் மறைந்துபோய், 1980களில் மறுபடி விளைய வைத்தார்கள். கடையில் ஒரு பை வாங்கினேன். அம்மா நாலு அரிசியைக் கடித்துப் பார்த்து, "புது அரிசி. வடிச்சாக் கொழையும்" என்று தீர்ப்புச் சொன்னாள்.

ஒரு விஷயம் மனதை உறுத்தியது. வழியில் ஒரு தோட்டத்தில் கல்யாணத்துக்கு வெள்ளை நாற்காலி வரிசையாகப் போட்டிருந்தார்கள். மரத்தில் சர விளக்கு. அந்த மரத்தடியில் யார் யார் அழுதார்களோ. என் வீட்டுக் கல்யாணத்தை நான் அங்கே வைக்க மாட்டேன்.

மாலை மவுன்ட் பிளசன்ட். 17ஆம் நெடுஞ்சாலை ஓரத்தில் பலகைப் பந்தல்களில் கூடை விற்கிறார்கள். குல்லா கீச்சி மக்கள் என்று பெயர். இந்தக் கடலோரத் தீவுகளில் தனித்தே வாழ்ந்ததால் மொழியும் பழக்கமும் ஆப்பிரிக்க வாசனையோடு தங்கியவர்கள். 1930 வாக்கில், ஆற்றில் பாலம் வந்து கார்கள் ஓட ஆரம்பித்தபோது சாலையோரக் கடைகள் தொடங்கின. இனிப்பு வாசனையுள்ள ஒரு புல், நாணல், பைன் ஊசியிலை. எல்லாவற்றையும் கயிறு போல் சுருட்டி, பனை இனத்து ஓலைக் கீற்றால் தைக்கிறார்கள். தைக்கும் கருவி? கரண்டிக் காம்பை ராவிக் கூராக்கியது. இந்தக் கலையில் மேரி ஜாக்சன் என்பவருக்கு 2008இல் மெக்கார்தர் விருது கிடைத்தது.

ஒரு பந்தலில் வயதான அம்மா ஒருவர் இருந்தார். பூக்கூடை, ரொட்டிக் கூடைக்கு நடுவில், தட்டையாய், அகலமாய், வட்டமாய் ஒன்று தொங்கியது. அம்மா என்னை இடித்தாள். "ஏட்டி, அது சொளவுல்லா!"

சுளகேதான். இங்கே 'ஃபேனர்'. நெல் குத்திய பிறகு உமி போகப் புடைப்பது. பழைய காலத்தில் இதை நாணலில் செய்தவர்கள் ஆண்கள். அந்த அம்மா இறக்கிக் கொடுத்தார். என் அம்மா வாங்கி, இல்லாத அரிசியைப் புடைத்தாள். மணிக்கட்டு மட்டும் ஆட, இரண்டு தட்டு, ஒரு கொழிப்பு. அந்த அம்மா சிரித்துவிட்டு, தன் மடியிலிருந்த வேலையை வைத்துவிட்டு, வாங்கித் தன் முறையில் காட்டினார். அவருடையது மேலே எறிந்து காற்றில் பிடிப்பது. "எங்க பாட்டி இப்படித்தான்" என்றார். இரண்டு பேரும் மாற்றி மாற்றிப் புடைத்துக்கொண்டிருந்தார்கள். நான் மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை.

விலை முன்னூறு டாலருக்கு மேல். எத்தனை வாரத் தையல் என்று கேட்ட பிறகு, அது அதிகமாகப் படவில்லை. கடற்கரையெல்லாம் பங்களாவும் வேலியுமாகிவிட்டதால் புல் கிடைப்பதில்லை, வேறு மாநிலத்துக்குப் போய் அறுத்து வருகிறோம் என்றார். வாங்கிக்கொண்டோம்.

இரவுச் சாப்பாடு: தக்காளி போட்ட சிவப்புச் சாதம், வெண்டைக்காய்க் குழம்பு, காராமணி போட்ட சாதம். காராமணிச் சாதம் புத்தாண்டு அன்று தெற்கு முழுவதும் எல்லா நிறத்தவர் வீட்டிலும் உண்டு, அதிர்ஷ்டம் என்று. வெண்டைக்காயும் காராமணியும் எள்ளும் கப்பலில் வந்த ஆப்பிரிக்கச் சாப்பாடு. எள்ளுக்கு இங்கே இன்னும் 'பென்னே' என்ற ஆப்பிரிக்கப் பெயர்தான். அம்மா முதல் முறையாக ஓர் அமெரிக்க உணவகத்தில் இரண்டாவது தடவை சாதம் கேட்டு வாங்கினாள்.

நாள் 4: பெயர் எழுதுவது

ஜான்ஸ் தீவு. பெரிய ஏஞ்சல் ஓக் மரத்தை எல்லோரும் பார்க்கிறார்கள், நாங்களும் பார்த்தோம். ஆனால் நான் தேடி வந்தது சாலையோரத்தில் இருக்கும் புரோகிரசிவ் கிளப்.

அந்தக் காலத்தில் தென் கரோலினாவில் ஓட்டுப் போடப் பதிவு செய்ய வேண்டுமென்றால் மாநில அரசியலமைப்பின் ஒரு பகுதியை வாசித்துக் காட்ட வேண்டியிருந்தது. இந்தத் தீவில் ஈசா ஜென்கின்ஸ் என்பவர் தினமும் ஆட்களைச் சார்ல்ஸ்டனுக்கு வேலைக்கு ஏற்றிப்போகும் பேருந்து ஓட்டினார். அந்தப் பேருந்திலேயே அரசியலமைப்பை வாசித்துச் சொல்லிக் கொடுத்தார். ஒரு பெண்மணி முழுவதையும் மனப்பாடம் செய்துவிட்டார், ஆனால் எழுத்து தெரியாது. எனக்கு வாசிக்கக் கற்றுக் கொடுங்கள் என்று கேட்டார். அங்கிருந்துதான் தொடங்கியது. செப்டிமா கிளார்க் என்ற ஆசிரியை, கறுப்பினத்தவர் உரிமைச் சங்கத்தில் உறுப்பினராக இருந்ததற்காக 1956இல் வேலையை இழந்தவர், திட்டம் போட்டார். கிளப்பின் முன்பக்கம் மளிகைக் கடை, பின்பக்கம் பள்ளிக்கூடம். வெளியே தெரிந்தால் ஆபத்து. 1957 ஜனவரியில் முதல் வகுப்பு, 14 பேர். பாடம் எடுத்தவர் பெர்னிஸ் ராபின்சன். அவர் ஆசிரியை இல்லை, அழகுக்கலைக் கடை வைத்திருந்தவர். அப்படித்தான் வேண்டும் என்று கிளார்க் பிடிவாதமாக இருந்தார். ராபின்சன் முதல் நாள், உங்களுக்கு என்ன கற்க வேண்டும் என்று கேட்டார். தன் பெயரை எழுத வேண்டும், பைபிள் வாசிக்க வேண்டும், மணியார்டர் படிவம் நிரப்ப வேண்டும் என்றார்கள். அதுவே பாடம் ஆனது.

இந்தக் குடியுரிமைப் பள்ளிகள் பிறகு தெற்கு முழுவதும் பரவின. பல்லாயிரம் பேர் இப்படி எழுத்துக் கற்று ஓட்டுரிமை பெற்றார்கள். கிங் பேசிய மேடைகளுக்கு முன்னால் நின்ற கூட்டம் இப்படித்தான் உருவானது. என் மகளின் பள்ளிச் சுவரில் செப்டிமா கிளார்க்கின் படத்தை இந்த வருடம் நானே கொண்டுபோய் ஒட்டுவேன்.

"எங்கம்மை கைநாட்டுதான்" என்றாள் அம்மா. "மணியார்டர் வந்தா தபால்காரர் முன்னால பெருவெரல நீட்டிட்டு நிப்பா. அவளுக்கு அது ரொம்ப வெக்கம்."

அங்கிருந்து தெற்கே. 17ஆம் சாலை கம்பாஹீ ஆற்றைக் கடக்கிறது. உள்ளூர்க்காரர்கள் 'கம்பீ' என்கிறார்கள். பாலத்துக்கு ஹாரியட் டப்மன் பெயர். அடிமைகள் வடக்குக்குத் தப்பியோட வழிகாட்டிய டப்மனை எல்லோருக்கும் தெரியும். 1863 ஜூன் 2 அதிகாலை, வடக்கத்திய படையின் கறுப்பின வீரர்களோடு படகில் இந்த ஆற்றில் ஏறி வந்தவரும் அவரேதான். ஆற்றில் எங்கே கண்ணிவெடி என்று அடிமைகளிடமே உளவு கேட்டு வைத்திருந்தார். ஒரே நாளில் 700க்கும் மேற்பட்டவர்களை மீட்டார்கள். இரண்டு பக்கமும் நெல் வயல். படகின் சங்கு கேட்டதும் எல்லோரும் ஓடி வந்தார்கள். ஒரு பெண் அடுப்பிலிருந்து அப்போதுதான் எடுத்த சோற்றை, ஆவி பறக்கப் பறக்க, தலையில் வைத்துக்கொண்டு ஓடி வந்ததாக டப்மன் பிற்பாடு நினைவுகூர்ந்தார்.

பாலத்தின் பக்கத்தில் இறங்கி நின்றோம். பழைய வயல்களின் வரப்பு இன்னும் கோடு கோடாகத் தெரிகிறது. அம்மா அதே கேள்வியை இரண்டு முறை கேட்டாள்: "சோத்தோடயா ஓடுனா?" சோத்தோடதாம்மா.

மாலை பியூஃபர்ட். அழகான ஊர். டபர்னகிள் தேவாலய வளாகத்தில் ராபர்ட் ஸ்மால்ஸ் கல்லறை, பக்கத்தில் டப்மனுக்குப் புதிய சிலை. ஸ்மால்ஸ் இதே ஊரில் 1839இல் அடிமையாகப் பிறந்தவர். 1862 மே 13 விடியுமுன், தெற்கத்தியரின் 'பிளான்ட்டர்' கப்பலை, வெள்ளை அதிகாரிகள் கரையில் தூங்கும்போது, சார்ல்ஸ்டன் துறைமுகத்திலிருந்து ஓட்டிக்கொண்டு போனார். கேப்டனின் தொப்பியை மாட்டிக்கொண்டு, ஒவ்வொரு கோட்டைக்கும் சரியான சங்கு ஊதி, மனைவி பிள்ளைகளோடு கடந்தார். போருக்குப் பிறகு, தான் அடிமையாய் இருந்த வீட்டையே வாங்கிக் குடியிருந்தார். ஐந்து முறை அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினர்.

இவற்றைவிட எனக்கு முக்கியம் இது: 1868இல் மாநில அரசியலமைப்பு எழுதியவர்களில் பெரும்பான்மை கறுப்பினத்தவர், ஸ்மால்ஸ் அவர்களில் ஒருவர். எல்லாக் குழந்தைகளுக்கும் இலவசப் பொதுப்பள்ளி என்று அதில் எழுத வைத்தார்கள். அதற்கு முன் ஏழை வெள்ளைக் குழந்தைக்கும் இந்த மாநிலத்தில் அப்படியொரு முறையான ஏற்பாடு இல்லை. 1895இல் புதிய அரசியலமைப்பு போட்டு கறுப்பினத்தவரின் ஓட்டைப் பறித்தார்கள், ஸ்மால்ஸ் எழுந்து எதிர்த்துப் பேசியும். காலையில் ஜான்ஸ் தீவில் பார்த்தோமே, வாசித்துக் காட்ட வேண்டும் என்ற நிபந்தனை, அது அந்த 1895இல் வந்ததுதான்.

ஹாம்ப்டன் பூங்காவில் அடக்கம் செய்த அந்த 257 பேரும் பிறகு இந்த ஊரின் தேசியக் கல்லறைக்கு மாற்றப்பட்டார்கள். இருட்டிவிட்டது, கேட்டுக்கு வெளியே நின்று பார்த்தோம்.

நாள் 5: செயின்ட் ஹெலீனா தீவு

கடைசி நாள். போகிற வழியில் போர்ட் ராயல். ஆற்றங்கரையில் பழைய ஓக் மரங்கள், கிளையெல்லாம் பாசி தொங்குகிறது. 1863 ஜனவரி 1 அன்று லிங்கனின் விடுதலைப் பிரகடனத்தை இங்கே ஆயிரக்கணக்கானோர் முன் வாசித்தார்கள். வாசித்து முடித்துக் கொடியைக் கொடுக்கும்போது, யாரும் சொல்லாமல், ஒரு முதியவர் குரலெடுத்து நாட்டைப் பற்றிய பாட்டு ஒன்றைப் பாடத் தொடங்க, மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். முதல் தடவையாக அது அவர்களுக்கும் நாடு.

செயின்ட் ஹெலீனா தீவில் பென் சென்டர். 1862இல், அதாவது பிரகடனத்துக்கு முன்பே, வடக்கத்திய படை வந்ததும் தோட்ட முதலாளிகள் ஓடிவிட்ட தீவில் தொடங்கிய பள்ளி. வடக்கிலிருந்து லாரா டவுன், எல்லன் முர்ரே என்ற இரண்டு பெண்கள் வந்து நடத்தினார்கள். அந்த வருடமே சார்லட் ஃபோர்ட்டன் என்ற கறுப்பின ஆசிரியையும் பிலடெல்பியாவிலிருந்து வந்து சேர்ந்தார். எதிரே செங்கல் தேவாலயம். 1855இல் அடிமைகள் கட்டியது, ஆனால் அவர்களுக்கு மாடிப் பலகணியில்தான் இடம். துரைகள் ஓடியதும் கீழே வந்து உட்கார்ந்தார்கள், இன்றுவரை அவர்களுடையது. 1960களில் கறுப்பரும் வெள்ளையரும் ஒரே கூரையின் கீழ் தங்கிக் கூட்டம் போடத் தெற்கில் கிடைத்த சில இடங்களில் இது ஒன்று. கிங்கும் அவருடைய தோழர்களும் இங்கே வந்து தங்கித் திட்டமிட்டார்கள்.

இங்கே நிலத்தைப் பற்றியும் பேசினார்கள். விடுதலை பெற்றவர்கள் துண்டு துண்டாக வாங்கிய நிலம், உயில் எழுதாமல் பிள்ளைகளுக்குப் பொதுவாக வந்தது. நம் ஊர் கூட்டுப்பட்டா மாதிரி. எங்கோ இருக்கும் பங்காளி ஒருவர் தன் பங்கை விற்றால், வாங்கியவர் நீதிமன்றத்துக்குப் போய் முழு நிலத்தையும் ஏலத்துக்குக் கொண்டுவந்துவிடலாம். இப்படித்தான் பக்கத்துத் தீவுகளில் நிலம் போய் கோல்ஃப் மைதானம் ஆனது. அம்மா இதை விளக்கமே இல்லாமல் புரிந்துகொண்டாள். "எழுதி வாங்காம விட்டா எந்த ஊர்லயும் இதான் கதி" என்றாள்.

மொழியைப் பற்றியும் தெரிந்துகொண்டோம். குல்லா மொழியைக் கொச்சை ஆங்கிலம் என்று பேராசிரியர்கள் ஒதுக்கி வைத்திருந்தார்கள். லொரென்சோ டவ் டர்னர் என்ற கறுப்பின மொழியியலாளர் 1930களில் இந்தத் தீவுகளில் ஒலிப்பதிவு செய்து, பிறகு ஆப்பிரிக்க மொழிகளையே கற்று, ஆயிரக்கணக்கான ஆப்பிரிக்கச் சொற்களை அதில் எடுத்துக் காட்டினார். அதில் பெரும்பங்கு ஆட்களின் பெயர்கள். பள்ளிக்கும் வெளியாட்களுக்கும் ஓர் ஆங்கிலப் பெயர், வீட்டுக்குள் கூப்பிட இன்னொரு பெயர். அந்த வீட்டுப் பெயருக்கு இங்கே 'கூடைப் பெயர்' என்கிறார்கள். கணக்குப் புத்தகம் எழுதாத பெயர்கள் வீட்டுக்குள் உயிரோடு இருந்திருக்கின்றன. பிரிசில்லாவின் நினைவு வந்தது. அம்மாவுக்கும் வந்திருக்க வேண்டும், என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள்.

கிளம்பும் முன் வருகைப் பதிவேட்டில் எழுதச் சொன்னார்கள். நான் ஆங்கிலத்தில் எழுதினேன். அம்மா பேனாவை வாங்கி, நிதானமாகத் தமிழில், தன் பெயர், கீழே அம்பாசமுத்திரம். கொஞ்சம் யோசித்துவிட்டு, அதற்கும் கீழே ஆச்சியின் பெயரையும் எழுதினாள். ஆச்சி செத்து முப்பது வருடம் ஆகிறது.

மேசைக்குப் பின்னால் இருந்த பெண் பதிவேட்டைத் தன் பக்கம் திருப்பி, அந்த எழுத்தை வெகுநேரம் பார்த்தார். இரண்டாவது பெயர் யாருடையது என்று கேட்டார். சொன்னேன். எப்படி உச்சரிப்பது என்று கேட்டார். அம்மா சொல்லிக் காட்டினாள். அவர் சொன்னார், சரியாக வரவில்லை. அம்மா மறுபடி சொன்னாள், இன்னும் மெதுவாக. மூன்றாவது தடவை ஆச்சியின் பெயர் சரியாக வந்தது.